இலைச்சாறும் அரிவாளணுவும்: சோதனைக் குழாயின் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும்?

1. வினாவின் எல்லை

பப்பாளி, முருங்கை, திருநீற்றுப்பச்சிலை, மருதாணி முதலியவற்றின் இலைகளிலிருந்து எடுத்த சாறுகளும் சத்துகளும், இரத்த அணுக்கள் அரிவாள் வடிவம் கொள்வதைச் சோதனைக் குழாயில் தடுக்கக் காணப்பட்டன என்னும் முடிவுகள், சென்ற அரை நூற்றாண்டாக, பெரும்பாலும் நைஜீரியாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து குவிந்திருக்கின்றன. நம் கொல்லையிலும் வேலியோரத்திலும் வளரும் இச்செடிகளின் பெயரைக் கேட்டவுடனே, பழங்குடி மக்களை வாட்டும் ஒரு பரம்பரை நோய்க்குக் கைக்கெட்டிய மருந்து கிடைத்துவிட்டது என்று மகிழ்பவரும், பச்சிலை என்ற மாத்திரத்தில் அதனை மூடநம்பிக்கையென்று ஒதுக்குபவரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் ஆராய வேண்டிய விஷயத்தை ஆராயாமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். குழாயில் நிகழ்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். அவ்வுண்மையைப் பிரமாணமாகக் கொண்டு நோயாளிக்கு மருந்து கொடுக்கலாமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் ஒரே வினா.

இவ்வினாவைத் தென் சென்னைப் புறநகரிலிருந்து எழுப்புவதற்குக் காரணமுண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து வண்டலூர் வழியாகக் கிழக்கே சென்றால் கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனையும் அதனோடிணைந்த ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையிலேயே வடக்கே போனால் தரமணியில் தேசிய பல்லுயிர் ஆணையம் இருக்கிறது. தெற்கே வடநெம்மேலியிலும் தண்டரையிலும், பாம்பும் பச்சிலையும் அறிந்த இருளர்களின் அமைப்புகள் இருக்கின்றன. மரபு மருத்துவம், நவீன மருத்துவம், சட்டம், மக்கள் அறிவு என்னும் நான்கும் இவ்வளவு அணித்தே அமைந்த வட்டாரம் ஒன்றில், இலைச்சாறு பற்றிய ஆராய்ச்சி எவ்வாறு நடைபெற வேண்டுமென்று சிந்திப்பது வீண் முயற்சியாகாது.

2. நோயின் இயல்பு

1910-ல் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாத் தீவிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள்போல் வளைந்த செவ்வணுக்களைக் கண்டெழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடன் உழைத்தோரும், குற்றம் அணுவினுள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே உள்ளதென்று நிறுவினர். 1957-ல் வெர்னான் இங்கிரம், அப்புரதத்தின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் நிற்பதே குற்றத்தின் மூலமென்று காட்டினார். பிராணவாயுவை இழந்த நிலையில் இம்மாறிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகத் திரள்கின்றன; இழை திரண்ட அணு விறைத்து வளைகிறது; விறைத்த அணுக்கள் நுண்ணிய நாளங்களை அடைக்க, எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் பொறுக்கவொண்ணா நோவு எழுகிறது. மருத்துவமனை வழக்கில் 'கிரைசிஸ்' எனப்படும் இந்நோவு நெருக்கடியே நோயாளியின் வாழ்வை உலைப்பது. அணுக்கள் விரைவில் சிதைவதால் உண்டாகும் சோகை அதற்கு அடுத்தது.

இழைகள் பிராணவாயு நீங்கியவுடனே தோன்றிவிடுவதில்லை. சிறிது நேரம் தாமதித்தே தோன்றுகின்றன என்பது இங்கு முக்கியமாகக் கொள்ளத்தக்கது. 1970-களில் ஹாஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் ஆகியோர் ஆராய்ந்துரைத்தபடி, இத்தாமத காலம் அணுவினுள் உள்ள ஹீமோகுளோபின் செறிவை மிகக் கூர்மையாகச் சார்ந்தது. செறிவு சிறிதே குறைந்தாலும் தாமதம் பன்மடங்கு நீளும். நுண்நாளத்தைக் கடக்க அணுவுக்கு ஓரிரு விநாடிகளே ஆகுமாதலால், தாமதம் அதனினும் நீண்டுவிட்டால் அணு வளையாமலே நுரையீரலை அடைந்து மீண்டும் பிராணவாயுவைப் பெறும். ஆகவே இழை திரள்வதை முற்றும் ஒழிக்க வேண்டுவதில்லை, தள்ளிப்போட்டாலே போதும் என்னும் நம்பிக்கைக்கு நல்ல ஆதாரம் உண்டு. இலைச்சாற்று ஆராய்ச்சியின் உயிர்நிலையும் இதுவே.

இந்நோய் நமக்கு அந்நியமன்று. 1952-ல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணுப் பண்பு இருப்பதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அன்றுதொட்டு இந்தியாவில் இந்நோயின் ஆராய்ச்சி வரலாறு தமிழ் மண்ணோடு பிணைந்தே வந்திருக்கிறது. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் நெடுங்காலமாக இந்நோயாளிகளைக் கண்டறிந்து பேணி வருகின்றன. 2023 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்புத் திட்டம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 7 கோடி மக்களைப் பரிசோதிக்கவும், 2047-க்குள் இந்நோயைப் பொதுநலப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீக்கவும் குறிக்கோள் கொண்டுள்ளது. பரிசோதனையால் நோயுண்டென்று அறியப்படும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்து மருந்தைப் பற்றியே கேட்குமாதலால், இலைச்சாறு பற்றிய வினா இப்போது நூலறிவோடு நிற்பதன்று.

3. வழக்கின் சாட்சியம்

இலைச்சாற்றுக்குச் சார்பாக முதலில் கூறப்படுவது மரபு வழக்கு. சித்த மருத்துவம் உடல் வெளுத்து இளைக்கும் நிலையைப் பாண்டு என்று வகுத்து, கரிசலாங்கண்ணி முதலிய மூலிகைகளையும் அயச் செந்தூரம் போன்ற இரும்பு சேர்ந்த மருந்துகளையும் அதற்கு விதிக்கிறது. ஆயினும் வெளுப்பு என்னும் குறியால் அறியப்படும் பாண்டுவினுள், இரும்புச்சத்துக் குறைவும், குடற்புழுவால் வரும் சோகையும், அரிவாளணுச் சோகையும் வேற்றுமையின்றி அடங்கிவிடுகின்றன. நுண்ணோக்காடியும் மின்புலப் பகுப்பும் இன்றி இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. பாண்டுவுக்குப் பயன்பட்ட மருந்து அரிவாளணுச் சோகைக்கும் பயன்படும் என்பது ஆகவே அநுமானமன்று, பெயரொற்றுமையால் எழும் மயக்கம்.

தாம்பரத்து நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து நடத்தி 2024-ல் முடிவு வெளிவந்த ஆய்வு ஒன்றை இங்கு நினைக்கலாம். அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் என்னும் நான்கு மருந்துகளின் கூட்டைச் சோகையுற்ற இளம் பெண்களுக்குக் கொடுத்த அத்திட்டத்தில் 2,648 பேர் சேர்ந்து, 2,300 பேர் 45 நாள் முறையை நிறைவேற்றினர். அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவு உயர்ந்ததாகக் கூறப்பட்டது. பொதுச் சோகைக்கு இது கவனிக்கத்தக்க செய்தியே. ஆனால் அன்னபேதி இரும்பு சார்ந்த சரக்கு. அரிவாளணு நோயாளிகளுள் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடலில் இரும்பு மிகுந்து தங்குவதே ஓர் அபாயமாதலால், நோயின் இனம் தெரியாமல் அதே மருந்தை அவர்க்கு நீட்டுவது தீங்காய் முடியக்கூடும்.

மரபு வழக்கு வேறொரு வகையில் உதவுகிறது. 1971-ல் சோஃபவோரா, ஐசக்ஸ் என்னும் நைஜீரிய ஆய்வாளர்கள், அந்நாட்டு மக்கள் பல் துலக்கும் குச்சியாகப் பயன்படுத்திய ஒரு செடியின் வேர்ச்சாறு வளைந்த அணுக்களை நேராக்குவதைக் கண்டனர். இத்துறையின் தொடக்கம் அதுவெனலாம். அங்கே வழக்கு அளித்தது நோய்க்கு மருந்து என்னும் அறிவன்று, தலைமுறைகளாக வாயிலிட்டும் கெடுதல் செய்யாத செடி என்னும் அறிவு. அவ்வறிவும் அளவோடே செல்லும். முருங்கைக் கீரையை நாம் உண்கிறோம் என்பதால் மெத்தனாலில் வடித்துச் செறிவாக்கிய முருங்கையிலைச் சத்து தீங்கற்றதென்று முடிவு கட்டலாகாது; கீரையும் கஷாயமும் மெத்தனால் சத்தும் ஒரே இலையிலிருந்து வந்தும், வேதியியல் நோக்கில் வெவ்வேறு பொருள்களே.

வழக்கின் செல்வாக்கு ஆய்வை முந்திக்கொண்டு ஓடக்கூடியது என்பதற்கும் நம் நாட்டில் சான்றுண்டு. 2012-ல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், பப்பாளி இலைச்சாறும், மலைவேம்பு இலைச்சாறும் தமிழக அரசாலேயே பரிந்துரைக்கப்பட்டன. டெங்கு பெரும்பாலும் சில நாளில் தானே தணியும் காய்ச்சலாதலால், சாறு உண்டவர் குணமானதைச் சாற்றின் பயனென்று கொள்ள இடமேற்பட்டது. அரிவாளணு நோயின் நோவும் அலைபோல் எழுந்து அடங்குவது. நோவின் உச்சத்தில் எதை உண்டாலும் அதன்பின் நோவு தணியவே செய்யும். தனியொருவர் அநுபவம் இந்நோயில் மிக எளிதாக ஏமாற்றிவிடுகிறது.

4. குழாயின் சாட்சியம்

ஆய்வுக்கூடத்து முறை பெரும்பாலும் ஒன்றே. நோயாளியின் இரத்தத்துளியோடு சோடியம் மெட்டாபைசல்பைட்டு என்னும் உப்பின் 2 சதவீதக் கரைசலைச் சேர்த்தால் அது பிராணவாயுவை உறிஞ்சி அணுக்களை வளையச் செய்யும். இலைச்சத்தை முன்னரே சேர்த்துவைத்த இரத்தத்தில் எத்தனை அணு வளைகிறதென்று நுண்ணோக்காடியில் எண்ணி ஒப்பிடுவர். 2009-ல் லாகோஸ் ஆய்வாளர் பப்பாளி இலைச்சத்தைப் பரீட்சித்து, சத்தில்லாத இரத்தத்தில் 40 நிமிடத்தில் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட அணுக்கள் வளைய, சத்துச் சேர்த்ததில் 5 சதவீதத்துக்குள்ளேயே வளைந்தன என்று தெரிவித்தனர். 2012-ல் முருங்கையின் விதை, பூ, இலை ஆகியவற்றின் சத்துகளுக்கும் இத்தகைய ஆற்றல் கூறப்பட்டது. கின்ஷாசாப் பல்கலைக்கழகத்தார் பல செடிகளை ஆராய்ந்து, திருநீற்றுப்பச்சிலையின் ஆந்தோசயனின் நிறமிகளை அவ்வாற்றலுக்குக் காரணமாகக் காட்டினர்.

இம்முடிவுகளைப் பொய்யென்பதற்கில்லை, ஆயினும் அணு வளையவில்லை என்னும் ஒரே தோற்றத்துக்குக் காரணங்கள் பலவாகக் கூடும். சாற்றிலுள்ள ஆல்டிஹைடு போன்ற பொருள்கள் மெட்டாபைசல்பைட்டோடு தாமே கூடி அதன் வலிமையைக் கெடுத்தால், பிராணவாயு நீங்காமையால் அணு வளையாதிருக்கும். அப்போது சாறு வென்றது நோயை அன்று, பரீட்சைக்கு இட்ட உப்பை. துவர்ப்புப் பொருளாகிய டானின்கள் அணுவின் உறையைப் பதனிட்டாற்போல் இறுக்கினாலும் அணு வட்டமாகவே நிற்கும்; அவ்வாறு இறுகிய அணு நாளத்தில் நெகிழ்ந்து செல்லுமா என்பதே ஐயம். சப்போனின்கள் வலுவற்ற அணுக்களைச் சிதைத்துவிட்டால் எஞ்சியவற்றில் வளைந்தவை குறைவாகத் தோன்றும். ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறினாலும் இழை திரள்வது குறையும். ஆனால் அது பிராணவாயுவைச் சுமக்கப் பயன்படாது. இந்நான்கையும் விலக்கிய பின்னரே, சாறு ஹீமோகுளோபினைப் பற்றி இழை திரளாமற் காத்தது என்னும் ஐந்தாவது விளக்கத்துக்கு உரிமை பிறக்கிறது.

அடுத்து அளவைப் பற்றிய தடை. நோயுற்ற வயது வந்த ஒருவரிடம் 5 லிட்டர் இரத்தமும், லிட்டருக்கு 80 கிராம் வீதம் 400 கிராம் ஹீமோகுளோபினும் இருப்பதாகக் கொள்வோம். ஹீமோகுளோபினின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 64,500. தாவரப் பொருளினது 300 என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு ஒன்று வீதம் பற்றுவதற்கு ஏறத்தாழ 2 கிராம் தூய பொருள் எந்நேரமும் செவ்வணுக்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்றிலொரு பங்கைப் பற்றினால் போதுமென்று சலுகை காட்டினாலும் 0.6 கிராமுக்கு மேல் தேவை. உலர்ந்த இலையில் அப்பொருள் 1 சதவீதம் உண்டென்றும், உண்டதனைத்தும் இரத்தத்தில் கலந்ததென்றும் கற்பித்துக்கொண்டால்கூட, அது 60 கிராம் உலர்ந்த இலைக்குச் சமம். சோதனைக் குழாயில் மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் சத்தைக் கலப்பது கையளவு வேலை. குடலில் செரித்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரில் கழிந்தது போக எஞ்சுவது அந்தச் செறிவை எட்டுவது அரிது. வனிலாக் காயின் மணப்பொருளாகிய வனிலின் இதற்கு உதாரணம். அது ஹீமோகுளோபினைப் பற்றி இழை திரள்வதைத் தடுக்குமென்று 1991-ல் காட்டப்பட்டபோதிலும், வாய்வழி உட்கொண்டால் உணவுப் பாதையிலேயே விரைந்து சிதைந்துவிடுவது பின்னர் தெரிந்தது.

5. மருதாணி: ஓர் இலை, இரு விளைவு

குழாயின் சாட்சியத்தை மட்டும் நம்புவதன் அபாயத்தை மருதாணியைப்போல் விளக்குவது வேறில்லை. கையைச் சிவக்கச் செய்யும் இவ்விலையின் சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். 1982-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, லாசோன் அரிவாளணு இரத்தத்தின் பிராணவாயுப் பிடிப்பை மிகுவிக்கிறதென்று காட்டிற்று. பிடிப்பு மிகுந்தால் இழை திரள்வது தாமதிக்குமாதலால் இது நற்செய்தியாகவே கொள்ளப்பட்டது. அதே லாசோன் செவ்வணுக்களை உயிர்வளியேற்றத்தால் தாக்கவும் வல்லது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்தவர்களிடம் மருதாணி இரத்தச் சிதைவை உண்டாக்கக்கூடுமென்றும், பச்சிளங் குழந்தைகளின் மஞ்சட்காமாலைக்கும் அது காரணமாகலாமென்றும் 1996-ல் சிங்கம், ஆஸ்கி என்போர் எச்சரித்தனர்.

இவ்விரு முடிவுகளும் தம்முள் முரண்பட்டவையல்ல. ஒரே வேதிக்குணத்தின் இரு விளைவுகள். அரிவாளணுப் பண்பும் ஜி-6-பி-டி குறைவும் மலேரியா நிலவிய பிரதேசங்களில் அந்நோய்க்கு எதிரான காப்பாக மிகுந்தவையென்று கருதப்படுவதால், ஒரே ஜனத்தொகுதியில், சில சமயம் ஒரே மனிதரிடத்தில், இவை இரண்டும் கூடிவரக்கூடும். யாருக்கு மருந்தென்று எண்ணி இலைச்சாற்றை நீட்டுகிறோமோ அவரிடமே அது நஞ்சாகும் வாய்ப்பு இவ்விடத்தில் பிறக்கிறது. ஆகையால் எந்த இலைச்சத்தையும் நோயாளிக்குக் கொடுக்குமுன் அந்நொதியைப் பரிசோதிப்பது இத்துறையில் முதல் நிபந்தனையாதல் வேண்டும்.

6. நோயாளியின் சாட்சியம்

குழாயைக் கடந்து நோயாளிகளிடம் முறையாகப் பரீட்சிக்கப்பட்ட தாவர மருந்துகள் மிகச் சிலவே. நைஜீரிய அரசின் மருந்தாராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நிப்ரிசான், மேற்கு ஆப்பிரிக்க மிளகின் விதை, வேங்கையின் இனத்ததாகிய ஒரு மரத்தின் தண்டு, கிராம்பு, சோளத்தின் இலை ஆகிய நான்கும் சேர்ந்தது. இன்னார்க்கு மருந்து, இன்னார்க்கு மருந்துப்போலி என்பது கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாத வகையில் 82 நோயாளிகளிடம் அது பரீட்சிக்கப்பட்டு, 2001-ல் முடிவு வெளியாயிற்று. துவரை விதைச் சத்தை முதன்மையாகக் கொண்ட சிக்லாவிட் 100 நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டு, 2005-ல் முடிவு வெளியாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பீடு, நிப்ரிசான் கடும் நோவு நெருக்கடிகளைக் குறைத்ததாகத் தோன்றுகிறது, ஆனால் சோகையின் அளவை மாற்றவில்லை என்றும், சிக்லாவிட்டால் நோவில் நன்மை இருக்கலாம், சோகை சற்று அதிகமாகவும் கூடுமென்றும் கூறி, இருவகைச் சான்றுகளையும் தரத்தில் தாழ்ந்தவையென்றே வகுத்தது. நிப்ரிசானுக்கு நைஜீரியாவில் 2006-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் உரிமம் பெற்றுத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2008-ல் திவாலாயிற்று. இத்துணைச் சிறிய சான்றும், சாற்றின் இயல்பு மாறாமல் தொகுதி தோறும் தயாரிக்கும் வலிமையும் முதலீடும் வாய்க்காமையால், பாதிவழியில் நின்றுவிட்டது.

ஒப்பிடத்தக்க அளவுகோல் ஒன்று முன்னரே இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை 299 நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டு, ஓராண்டின் இடைநிலை நெருக்கடி எண்ணிக்கையை 4.5-லிருந்து 2.5-ஆகக் குறைத்ததென்று 1995-ல் நிறுவப்பட்டது. அது வளைந்த அணுவை நேராக்க முயல்வதில்லை; சிசுப் பருவத்து ஹீமோகுளோபினை மிகுவித்து இழை திரள்வதைத் தடுக்கிறது. இன்று அது நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது.

தாவரச் சாறுகளிடத்தில் மட்டும் கடுமை காட்டுவதாக எவரும் எண்ணலாகாது. ஹீமோகுளோபினைப் பற்றுமாறு மிகத் திறமையோடு வடிவமைக்கப்பட்ட வாக்ஸலோட்டர் என்னும் தூய மருந்து, 2019-ல் வெளியான பரீட்சையில், 51 சதவீத நோயாளிகளின் ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் உயர்த்திற்று. மருந்துப்போலி உண்டவரிடம் அவ்வுயர்வு 7 சதவீதத்தினருக்கே ஏற்பட்டது. அளவில் வெற்றி கண்ட அம்மருந்தை, நோவு நெருக்கடிகளும் மரணங்களும் பற்றிய பிற்காலச் செய்திகள் சாதகமாயில்லாமையால், 2024 செப்டம்பரில் உற்பத்தியாளரே உலகச் சந்தையினின்றும் திரும்பப் பெற்றனர். இரத்தத்தின் எண் உயர்ந்தும் நோயாளியின் நலம் உயராமற் போகலாம் என்னும் பாடம் இலைக்கும் மாத்திரைக்கும் பொது.

பெயர்பெற்ற நம்பிக்கையைவிட முறையான பரீட்சையே தீர்ப்புக் கூற வேண்டுமென்பதை உலகுக்குக் கற்பித்த நகரங்களுள் சென்னையும் ஒன்று. 1956-ல் இங்கு அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை நடுவம், சானடோரியத்தின் காற்றும் ஓய்வும் இன்றியமையாதவை என்ற கொள்கையைச் சோதித்து, வீட்டிலிருந்தபடி மருந்துண்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்து நோயாளிகளுக்கு ஈடாகக் குணமடைந்தனர் என்று 1959-ல் வெளியிட்டது. காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய அம்முறை இலைச்சாற்றுக்கும் உரியதே.

7. நம் சூழலில் செய்யத்தக்கது

ஆப்பிரிக்க முடிவுகளை அப்படியே நம் நாட்டுக்குப் பெயர்த்தெழுத முடியாது. இந்திய நோயாளிகளுள் பெரும்பாலாரிடம் காணப்படும் அரபு-இந்திய மரபணுச் சூழல், சிசு ஹீமோகுளோபினை இயல்பாகவே மிகுதியாக வைத்திருப்பது. நோயின் கடுமை அதனால் பலரிடம் வேறுபடும். நீலகிரி மக்களிடம் கண்ட விகிதத்தைச் செங்கல்பட்டுச் சமவெளி இருளர்மீது ஏற்றுவதும் அத்தகைய பிழையே. ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியே பரிசோதித்துத்தான் பேச வேண்டும்.

சட்டம் வழி வகுத்தே இருக்கிறது. 2015-ல் மருந்து விதிகளில் தாவர மருந்து என்னும் புதிய வகை சேர்க்கப்பட்டு, குறைந்தது நான்கு வேதிக்கூறுகளையேனும் அளவிட்டுத் தரப்படுத்திய சத்து, நவீன மருந்துக்குரிய பரீட்சைகளைக் கடந்து அனுமதி பெறலாம் என்று விதிக்கப்பட்டது. தாம்பரத்தில் மூலிகையின் இனமும் தயாரிப்பு முறையும் உறுதிசெய்யப்பட்டு, கேளம்பாக்கம் போன்ற இடத்து மருத்துவக் கல்லூரிகளில் நச்சுத்தன்மையும் இரத்த அளவும் ஆராயப்பட்டு, கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ளோரின் அநுபவத்தோடு நோயாளிகளிடம் பரீட்சிக்கப்படுவது நடைபெறக்கூடாத காரியமன்று.

அறிவைத் தந்தவரின் உரிமையும் உடன் எண்ணப்பட வேண்டும். அகத்தியர் மலைக் காணிமக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து உருவான ஜீவனி, 1995-ல் கோயம்புத்தூர் நிறுவனமொன்றுக்கு உரிமமாகக் கொடுக்கப்பட்டபோது, வருவாயில் ஒரு பங்கு அம்மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் கூட்டுறவு சேகரிக்கும் பாம்பு நஞ்சு, தரப்படுத்திய நஞ்சுமுறி மருந்தாக நாடெங்கும் செல்கிறது. மரபுத்திறன் ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கை ஏற்றதால் குறைந்துபோகவில்லை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002 முதலே இருப்பதால், பங்கீட்டை மருந்து வெற்றி பெற்ற பின்னர் பேசலாமென்று ஒத்திவைக்கவும் காரணமில்லை.

8. முடிவு

இலைச்சாறு அரிவாளணு நோய்க்கு மருந்தாகலாம் என்னும் கருத்துக்கு இயற்கை முரணாக நிற்கவில்லை. நித்தியகல்யாணியின் இலையிலிருந்து புற்றுநோய் மருந்துகள் வந்திருக்க, இதனை மட்டும் இயலாதென்று மறுப்பது நேர்மையன்று. ஆனால் இன்றுள்ள சான்றுகளுள் பெரும்பகுதி குழாயைப் பற்றிய சான்று. நோயாளியைப் பற்றிய சான்று இரண்டு சிறு பரீட்சைகளின் அளவே. ஆகவே நோயென்று அறியப்பட்ட குழந்தைக்கு ஹைட்ராக்சியூரியாவும், தொற்றுத் தடுப்புக்குரிய பென்சிலினும் தடுப்பூசிகளும் முதலில் சேர வேண்டும். இலைச்சத்து அவற்றுக்கு மாற்றாகவன்று, அவற்றோடு சேர்த்துப் பரீட்சிக்கப்பட வேண்டும். பரீட்சையின் அளவுகோல் வளைந்த அணுக்களின் சதவீதமாயிராமல், ஓராண்டில் நோயாளி நோவில் கழித்த நாட்களாயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பரீட்சை நடந்து, நோவு நாட்கள் குறையவில்லை என்றே தெரிந்தாலும், அம்முடிவு ஒரு குடும்பத்தை வீண் செலவினின்றும் காலதாமதத்தினின்றும் காக்கும். இன்னுமோர் இலையின் சத்து குழாயில் அணுக்களை வட்டமாக்கிற்று என்னும் மற்றொரு செய்தியால் அவ்வளவு பயன் விளையாது.